கருவியும் கற்றுக்கொடுத்தலும்: கழியொலி கட்டிலருகே வந்த வரலாறு

எமது கல்லூரியின் நூற்றாண்டு மலருக்கு, நான் பணியாற்றும் துறையைப் பற்றி வரலாற்று நோக்கில் ஒரு கட்டுரை எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டிருந்தனர். அவசர மருத்துவம் என்றதும் பலருக்கும் நினைவில் வருவது அம்புலன்சின் ஒலியும் ஓட்டமும்தான். ஆனால் இத்துறையில் இருப்பவர்களின் காலத்தில் கணிசமான பகுதி வேறு இரண்டு காரியங்களில் செல்கிறது. ஒன்று, இளம் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் கற்பித்தல். மற்றையது, நோயை இனங்காண உதவும் கருவிகள் உண்மையிலேயே நோயாளருக்குப் பயன்படுகின்றனவா என்று ஆராய்தல். இவ்விரண்டும் எப்படிப் பின்னிப் பிணைந்தன என்பதை ஒரு கருவியின் கதையாகச் சொல்ல விரும்புகிறேன். அது நாம் பொதுவாக "ஸ்கான்" என்று சொல்லும் கழியொலிக் கருவி. தாய்நாட்டு வைத்தியசாலைகளுக்குக் கருவிகள் வாங்கி அனுப்பும் சகோதரிகள் எம்மிடையே பலர் இருப்பதால், இக்கதையில் அவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு.

நாற்பத்தேழு ஆண்டுகள் காத்திருந்த விரல்கள்

கழியொலிக்கு முன்னர் நோயாளரின் உடலுக்குள் இருப்பதை அறிய வைத்தியர்கள் நம்பியிருந்தது ஒலியைத்தான். நெஞ்சில் விரலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு உள்ளே காற்றா நீரா என்று அறியும் முறையை 1761 ஆம் ஆண்டு வியன்னாவில் லெயோபோல்ட் அவுவன்புருக்கர் என்ற வைத்தியர் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அவர் விடுதி நடத்திய ஒருவரின் மகன். பீப்பாயைத் தட்டி அதில் எவ்வளவு மது இருக்கிறது என்று பார்க்கும் பழக்கத்திலிருந்தே அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்று சொல்வார்கள். அந்த நூலை அக்காலத்து வைத்திய உலகம் பெரும்பாலும் கவனிக்கவில்லை.

1808 இல் பாரிஸ் நகரில் கோர்விசார் அதைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து விளக்கவுரையுடன் வெளியிட்டார். அவர் நெப்போலியனின் வைத்தியர் மட்டுமல்லர், நோயாளரின் கட்டிலருகே மாணவர்களை நிறுத்திக் கற்பித்த சிறந்த ஆசிரியர். அதன் பின்னரே அந்த முறை ஐரோப்பா எங்கும் பரவியது. இடையில் கழிந்தவை 47 ஆண்டுகள். கண்டுபிடிப்பு அப்படியே இருந்தது. அதைக் கற்றுக்கொடுக்க ஒருவர் வரவேண்டியிருந்தது.

கோர்விசாரின் மாணவர்களுள் ஒருவர்தான் ரெனே லெனெக். 1816 இல் பாரிஸ் நெக்கர் வைத்தியசாலையில் இதய நோயுள்ள ஓர் இளம் பெண்ணைப் பரிசோதிக்கும்போது, அவளது நெஞ்சில் நேரடியாகக் காது வைக்கத் தயங்கி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே கேட்டார். இன்று எல்லா வைத்தியரின் கழுத்திலும் தொங்கும் ஸ்டெதஸ்கோப் அவ்வாறு பிறந்தது. தட்டிக் கேட்கச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரிடம் படித்த மாணவன், குழல் வழியே கேட்கக் கண்டுகொண்டான். இவ்வரலாற்றில் இந்தத் தொடர்ச்சியை நாம் திரும்பத் திரும்பக் காண்போம்.

எதிரொலியில் பிறந்த கருவி

பௌதிகவியல் பாடத்தில் நாம் எல்லோரும் எதிரொலியைப் பற்றிப் படித்திருக்கிறோம். சுவரில் மோதிய ஒலி திரும்பி வர எடுக்கும் நேரத்தை அறிந்தால் சுவரின் தூரத்தைக் கணக்கிடலாம். கழியொலிக் கருவியின் அடிப்படை இவ்வளவுதான். மனிதக் காதுக்குக் கேளாத அதிர்வெண் கொண்ட ஒலி உடலுக்குள் அனுப்பப்படுகிறது. ஈரல், சிறுநீரகம், இரத்தம், எலும்பு ஆகியவற்றின் எல்லைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் படமாகின்றன.

1880 இல் பியர் கியூரியும் அவரது சகோதரர் ஜாக் கியூரியும் சில பளிங்குகளை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். முதலாம் உலகப் போரின்போது போல் லாஞ்சவன் அதே பண்பைக் கொண்டு நீருக்கடியில் ஒலியை அனுப்பி நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் முறையை உருவாக்கினார். பின்னர் தொழிற்சாலைகளில் உலோகத்தின் உள்ளே இருக்கும் வெடிப்புகளைக் கண்டறிய இம்முறை பயன்பட்டது. 1953 இல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இதய வைத்தியரும் ஹெல்முத் ஹேர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும் அத்தகைய கருவியைக் கடனாகப் பெற்று, துடிக்கும் இதயத்தின் எதிரொலிகளை முதன்முதலாகப் பதிவுசெய்தனர்.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் மகப்பேற்றுப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட், 1955 இல் அறுவையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கொதிகலன்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றார். அங்கிருந்த உலோகப் பரிசோதனைக் கருவியால் அவற்றைச் சோதித்தபோது, திரவம் நிறைந்த கட்டியும் திண்மமான கட்டியும் வெவ்வேறு எதிரொலிகளைத் தருவதைக் கண்டார். டொம் பிரவுண் என்ற இளம் பொறியியலாளரும் ஜோன் மக்விக்கர் என்ற வைத்தியரும் அவருடன் சேர்ந்தனர். குணப்படுத்த முடியாத இரைப்பைப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, உண்மையில் இருந்தது சூலகத்தில் தோன்றிய பெரிய நீர்க்கட்டி என்று அவர்களது கருவி காட்டியது. கட்டி அகற்றப்பட்டது, அந்தப் பெண் பிழைத்தார். 1958 ஜூன் மாதம் "லான்செற்" சஞ்சிகையில் அவர்களது கட்டுரை வெளியானது. இன்று கருவுற்ற தாய்மார் எல்லோரும் திரையில் குழந்தையைப் பார்ப்பதற்கு அந்தக் கட்டுரையே தொடக்கம்.

விபத்துப் பிரிவின் வாசலில்

அப்போது அவசர மருத்துவம் என்று ஒரு துறையே இருக்கவில்லை என்று சொல்லலாம். விபத்தில் அடிபட்டு வருபவரை அன்று கடமையில் இருக்கும் அனுபவம் குறைந்த வைத்தியர் பார்ப்பார். பிரித்தானியாவில் 1952 இல் லீட்ஸ் நகரில் மொறிஸ் எலிஸ் இப்பிரிவுக்கென முழுநேர நிபுணராக நியமிக்கப்பட்டது ஒரு தொடக்கம். ஐக்கிய அமெரிக்காவில் 1970 இல் சின்சினாட்டியில் முதலாவது சிறப்புப் பயிற்சி ஆரம்பமாகி, 1979 இல் அது தனித்துறையாக அங்கீகாரம் பெற்றது.

துறை பிறந்ததும் ஒரு பழைய கேள்வி புதிதாக எழுந்தது. மோட்டார் சைக்கிள் விபத்தில் வந்த இளைஞனின் இரத்த அழுத்தம் குறைந்துகொண்டே போகிறது. வெளியே காயம் பெரிதாக இல்லை. இரத்தம் எங்கே போகிறது? வயிற்றுக்குள்ளா? 1965 முதல் இதற்குப் பயன்பட்ட முறை, வயிற்றில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, திரவம் ஊற்றி எடுத்து அதில் இரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. பின்னர் சீ.ரீ. ஸ்கான் வந்தது. ஆனால் நிலை தளர்ந்த நோயாளரை வேறு அறைக்குக் கொண்டுசெல்வதே ஆபத்தாகலாம்.

ஜேர்மனியிலும் ஜப்பானிலும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் 1970களிலும் 1980களிலும் இந்த இடத்தில் கழியொலியைத் தாமே பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். 1990களில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் சத்திரசிகிச்சை நிபுணரான கிரேஸ் ரொசிக்கி என்ற பெண்மணி இம்முறையைப் பெரிய அளவில் ஆராய்ந்து, பிறருக்குக் கற்பிக்கத்தக்க ஒழுங்கில் அமைத்தார். "ஃபாஸ்ட்" என்ற பெயரால் அது உலகெங்கும் அறியப்படுகிறது. பார்க்க வேண்டிய இடங்கள் நான்கே: ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையில், மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகத்துக்கும் இடையில், இடுப்பறையில், இதயத்தைச் சுற்றி. அங்கே கறுப்பாகத் திரவம் தெரிகிறதா இல்லையா? கேள்வி ஒன்று, பதில் ஆம் அல்லது இல்லை. சில நிமிடங்களில், கட்டிலை விட்டு நகராமல், இதைச் செய்துவிடலாம்.

நுரையீரலைப் பார்க்கும் முறையின் கதை இன்னும் சுவையானது. காற்று நிறைந்த நுரையீரலில் கழியொலிக்கு வேலையில்லை என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தனர். நெஞ்சறைக்குள் காற்றுக் கசிந்தால் நுரையீரலின் வழுக்கும் அசைவு திரையில் மறைந்துவிடும் என்பதை 1986 இல் எழுதியவர் ஒரு கால்நடை வைத்தியர், அவரது நோயாளி ஒரு குதிரை! 1990களில் பிரான்சில் டானியல் லிக்டென்ஸ்டைன் அதை மனிதரிடம் ஆராய்ந்து நிலைநாட்டினார்.

கருவியும் சிறுத்தது. போர்க்களத்தில் காயமடைந்த வீரர்களுக்காக அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சின் நிதியுதவியுடன் தொடங்கிய ஆய்விலிருந்து, 1999 இல் கையில் தூக்கிச் செல்லக்கூடிய, சுமார் இரண்டரைக் கிலோ எடையுள்ள கருவி விற்பனைக்கு வந்தது. இன்று கைத்தொலைபேசியில் பொருத்தும் அளவிலும் அது கிடைக்கிறது.

யார் பார்க்கலாம்?

கருவி வாசலுக்கு வந்ததும் வாக்குவாதமும் வந்தது. கழியொலிப் படத்தை வாசிப்பதற்குப் பல ஆண்டுகள் பயின்றவர்கள் கதிரியல் நிபுணர்கள். போதிய பயிற்சி இல்லாதவர் கையில் கருவி கிடைத்தால், இல்லாததை இருப்பதாகவும் இருப்பதை இல்லாததாகவும் காண்பார் என்று அவர்கள் அஞ்சினர். அவசர மருத்துவர்களோ, "நாங்கள் முழு வயிற்றையும் ஆராய வரவில்லை. இரத்தம் இருக்கிறதா, இதயம் துடிக்கிறதா, கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு நள்ளிரவு இரண்டு மணிக்குப் பதில் வேண்டும். அப்போது நோயாளருக்கு அருகில் இருப்பவர்கள் நாங்களே" என்றனர். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது.

வழக்கைத் தீர்த்து வைத்தது பாடத்திட்டம். 1994 இல் அமெரிக்க அவசர மருத்துவர்கள் தமது பயிற்சிக்கான மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டனர். 1999 இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், தகுந்த பயிற்சி பெற்ற எந்த வைத்தியரும் கழியொலியைப் பயன்படுத்தலாம், அந்தத் தகுதியை அந்தந்த வைத்தியசாலை தீர்மானிக்கட்டும் என்ற கொள்கையை ஏற்றது. 2008 இல் அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி திருத்தி அமைத்த வழிகாட்டி, ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் மேற்பார்வையாளர் சரிபார்த்த 25 முதல் 50 வரையான பரிசோதனைகள் தேவை என்றது.

"சரிபார்த்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். பயிற்சி பெறுபவர் எடுத்த ஒவ்வொரு படமும் சேமிக்கப்படுகிறது. பின்னர் ஆசிரியர் அவருடன் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். சத்திரசிகிச்சையில் என்ன தெரிந்தது, சீ.ரீ. என்ன சொன்னது என்று ஒப்பிடுகிறார். முதலில் ஆரோக்கியமானவர்களின் வயிற்றில் பலமுறை பார்த்துப் பழக வேண்டும். சரியானது எப்படி இருக்கும் என்று கண் அறிந்த பின்னரே பிழையானது பிடிபடும். புரோப்பைப் பிடித்திருக்கும் மாணவியின் கையை ஆசிரியர் தன் கையால் சற்றுச் சாய்த்துவிடும்போது, மங்கலாக இருந்த சிறுநீரகம் சட்டென்று தெளியும். அந்தச் சிறு சாய்வைப் புத்தகத்தில் எழுத முடியாது.

கற்பிப்பதில் முக்கியமான மற்றொரு பாடம், கருவியால் முடியாதவை. குடல் கிழிந்திருப்பதை ஃபாஸ்ட் காட்டாமல் விடலாம். வயிற்றின் பின்புறத்தில் கசியும் இரத்தமும் தப்பிவிடலாம். ஈரல் நோயால் வயிற்றில் சேர்ந்த நீரும் புதிய இரத்தமும் திரையில் ஒரே கறுப்பாகவே தெரியும். "ஒன்றும் தெரியவில்லை" என்பதற்கும் "ஒன்றும் இல்லை" என்பதற்கும் உள்ள தூரத்தை மாணவர் மனதில் பதிக்கவே ஆசிரியருக்கு அதிக காலம் பிடிக்கிறது.

கருவியைக் கேள்வி கேட்டவர்கள்

ஒரு கருவியை நேசிப்பவர்களே அதைக் கடுமையாகக் கேள்வி கேட்க வேண்டும். அவசர மருத்துவம் இதை நேர்மையாகச் செய்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

2006 இல் வெளியான ஓர் ஆய்வில், விபத்து நோயாளரைச் சீட்டுக் குலுக்குவது போல இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் கட்டிலருகே கழியொலி செய்தனர். அக்குழுவினர் சத்திரசிகிச்சைக் கூடத்தை அடைய எடுத்த நேரம் மற்றக் குழுவினரைவிட 64 வீதம் குறைந்திருந்தது. இது மகிழ்ச்சி தந்த முடிவு.

எல்லா முடிவுகளும் அப்படி இருக்கவில்லை. வட அமெரிக்காவிலும் தென்னாபிரிக்காவிலும், காயம் எதுவும் இன்றி இரத்த அழுத்தம் வீழ்ந்து வந்த 273 நோயாளரிடம் செய்த ஆய்வு 2018 இல் வெளியானது. கழியொலி செய்யப்பட்டவர்களும் செய்யப்படாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே உயிர்பிழைத்தனர். படம் தெளிவாகத் தெரிந்தது என்பதால் மட்டும் நோயாளருக்கு நன்மை வந்துவிடாது என்பதை அது உணர்த்தியது.

இதயம் நின்று போனவர்களிடம் செய்த ஆய்வு இன்னும் முக்கியமானது. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும்போது, நாடித்துடிப்பைப் பார்க்க 10 செக்கனுக்கு மேல் நிறுத்தக் கூடாது. 2017 இல் வெளியான ஓர் ஆய்வு அந்த இடைவேளைகளை அளந்தது. கழியொலி பயன்படுத்தாதபோது சராசரியாக 13 செக்கன், பயன்படுத்தியபோது 21 செக்கன். உதவ வந்த கருவி, உயிர் காக்கும் கையைத் தடுத்து நிறுத்தியிருந்தது. இதற்காகக் கருவியை யாரும் தூக்கி எறியவில்லை. கற்பிக்கும் முறையை மாற்றினர். அழுத்துதல் நடந்துகொண்டிருக்கும்போதே புரோப்பை உரிய இடத்தில் வைத்து ஆயத்தமாக இரு. இடைவேளையில் படத்தைப் பதிவு மட்டும் செய். ஒருவர் செக்கன்களை உரத்து எண்ணட்டும். கை மீண்டும் அழுத்தத் தொடங்கிய பிறகு படத்தைப் பார். ஆய்வு குறையைக் காட்டியது, கற்பித்தல் அதைத் திருத்தியது.

கருவியை யாரிடம் சோதித்தார்கள் என்பதும் ஒரு கேள்வி. விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் கருவியைக் கொவிட் காலத்தில் வீடுகளிலேயே பலர் வைத்திருந்தோம். ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி 1974 இல் அதன் தத்துவத்தை வெளியிட்டார். கறுப்பினத்தவரிடம் அது தவறான அளவைக் காட்டக்கூடும் என்று 1990 இலேயே ஓர் ஆய்வு எச்சரித்திருந்தது. 2020 இல் அமெரிக்காவில் செய்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் ஒட்சிசன் ஆபத்தாகக் குறைந்திருந்தவர்கள் வெள்ளையினத்தவரில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். முதல் எச்சரிக்கைக்கும் உலகம் விழித்துக்கொண்டதற்கும் இடையில் 30 ஆண்டுகள். எமது தோலின் நிறத்தையும் எமது மக்களின் நோய்களையும் அறிந்தவர்கள் ஆய்வுக்கு வராவிட்டால், எமக்கான அளவுகோலை வேறு யாரும் செய்து தரமாட்டார்கள்.

எமது மண்ணில்

யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய மருத்துவம் வேரூன்றிய விதத்தை எண்ணும்போது எனக்கு ஒரு பெயர் நினைவுக்கு வருகிறது. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மருந்தையும் கத்தியையும் மட்டும் கொண்டுவந்து வைத்தியம் பார்த்துவிட்டுப் போகவில்லை. மானிப்பாயில் மாணவர்களைச் சேர்த்து வைத்தியம் கற்பித்தார். 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் வைத்தியம் பயின்றனர். 1873 இல் அவர் ஊரை விட்டுப் போன பின்னரும் வைத்தியம் இங்கே இருந்தது. ஏனெனில் கற்றவர்கள் இங்கே இருந்தனர்.

இலங்கையில் அவசர மருத்துவம் பட்டப்பின் பயிற்சியுள்ள தனித்துறையாகியது 2010களிலேயே. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கும் வந்தது. நோயாளர் முன்னரைவிட விரைவாக வைத்தியசாலை வாசலை அடைகிறார். அந்த வாசலில் நிற்பவருக்கு என்ன தெரியும் என்பதே இனி உள்ள கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வைத்தியசாலையில், நல்ல உள்ளங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த கழியொலிக் கருவி ஒன்று துணியால் மூடி அலுமாரி ஓரத்தில் வைக்கப்பட்டிருக்கக் கண்டேன். பயிற்சி பெற்றிருந்த ஒரே வைத்தியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். ஒரு புரோப் பழுது. திருத்துவதற்கு ஆளுமில்லை, பணமும் ஒதுக்கப்படவில்லை. அன்பளிப்பின் பெயர்ப்பலகை மட்டும் பளபளத்தது. அந்த இடத்தின் பெயர் தேவையில்லை. இவ்வாறானவை பல நாடுகளில் பல வைத்தியசாலைகளில் உள்ளன.

எனவே, கனடாவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கொழும்பிலும் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். கருவி வாங்கித் தர மனம் கொள்ளும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதை யார் பயன்படுத்துவார்? அவருக்கு யார் கற்பிப்பார்? அவர் எடுக்கும் படங்களை யார் சரிபார்ப்பார்? பழுதானால் யார் திருத்துவார்? நான்குக்கும் விடை இருந்தால் தயங்காது கொடுங்கள். விடை இல்லாவிட்டால், அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஒரு வைத்தியரின் அல்லது தாதியின் பயிற்சிக்குக் கொடுங்கள். எம்மிடையே வைத்தியர்களாகவும் கதிரியல் தொழினுட்பவியலாளர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருப்பவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது இரண்டு நாட்களைக் கற்பிப்பதற்கு ஒதுக்கலாம். ஊரில் எடுத்த படங்களை இணையம் வழியாக வாரம் ஒருமுறை சேர்ந்து பார்ப்பதற்குப் பெரிய செலவும் இல்லை.

நோயாளரின் விபரங்களைக் காத்து, உரிய அனுமதி பெற்று, அந்தப் படங்களையும் முடிவுகளையும் ஒழுங்காகக் குறித்து வைத்தால் அதுவே ஆய்வாகும். எமது விபத்துப் பிரிவுகளில் எது பயன்படுகிறது, எது பயன்படவில்லை என்பதை எமது பிள்ளைகளே உலகுக்குச் சொல்லும் நாள் அப்போது வரும்.

நூறு ஆண்டுகளில் எமது கல்லூரியில் கட்டடங்கள் எழுந்தன, சில இடிந்தன, மீண்டும் எழுந்தன. ஆய்வுகூடத்து உபகரணங்கள் பழசாகின, மாற்றப்பட்டன. ஓர் ஆசிரியை இன்னொரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது மட்டும் அறுபடாமல் தொடர்ந்தது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக நிற்கும் பேறு எமக்கும் கிடைத்திருக்கிறது. கற்றதைக் கையளிப்போம். கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க!